கடைசிப் பக்கம் முதலில் வந்தது

அத்தியாயம் 6

காளிராஜ் அந்தத் தாளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அடுத்த நொடி மூன்று முறை தும்மினார். மூன்றாவது தும்மலுக்கு மேசைமேல் கிடந்த காலிக் கவர் பறந்துபோய் முனீஸ்வரியின் காலடியில் விழுந்தது.

"வெள்ளக்காரன் சரித்திரம் சப்புன்னு இருக்கும்னு நெனச்சேன் மேடம். நல்ல காரம்" என்றார், மூக்கைத் துடைத்தபடி.

சுகப்பிரியா சிரிக்கவில்லை. அவர் சொல்கிற பத்தில் எட்டுக்கு அவள் சிரிப்பதில்லை. மீதி இரண்டுக்காகத்தான் அவர் பேசிக்கொண்டே இருந்தார். இருபது வருஷம் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக ஊர் ஊராக அலைந்தவர். சாவைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசியே கையெழுத்து வாங்கிய நாக்கு அது. ஐம்பத்தாறு வயதில், தன்னைவிட இருபது வயது இளைய ஒரு துப்பறியும் பெண்ணிடம் உதவியாளாகச் சேர்ந்த பிறகும் அடங்கவில்லை.

முனீஸ்வரி குனிந்து கவரை எடுத்து, முந்தானையால் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தாள். அதை அவள் வைத்த விதத்தைப் பார்த்ததும் காளிராஜுக்குத் தும்மியதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

அவள் நெடுங்கரைப்பட்டியிலிருந்து கிளம்பி, எம்.ரெட்டியபட்டியில் பஸ் மாறி, காலையிலேயே அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டாள். நூல் கடை மாடியில் இருந்த இந்தச் சிறிய அலுவலகத்துக்கு அவள் வருவது இது மூன்றாவது தடவை. அவள் கணவர் பூமிநாதன், பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார், வீட்டைவிட்டுப் போய் இருபத்து நாலு நாள் ஆகியிருந்தது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் அவர் கையெழுத்தில் தாள்கள் மட்டும் தபாலில் வந்துகொண்டிருந்தன. இதுவரை நாலு கவர். உள்ளே கடிதம் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தின் பக்கங்கள்தான் இருந்தன. முகவரியைக் கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டியிருந்தார்கள். போலீசில் போய்ச் சொன்னதற்கு, தபால் வருகிறதென்றால் ஆள் சுகமாகத்தானே இருக்கிறார், கோபம் தணிந்ததும் வருவார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அந்தப் புத்தகம் பிரிட்டனில் 1931-இல் அமைந்த கூட்டணி அரசைப் பற்றியது. அப்போது பிரதமராக இருந்தவர் ராம்சே மெக்டொனால்ட், தொழிலாளர் கட்சிக்காரர். கஜானா வற்றி, வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையைக் குறைப்பதா வேண்டாமா என்று மந்திரிசபை இரண்டாக உடைந்தபோது, அவர் எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து ஆட்சி அமைத்தார். அவர் கட்டி வளர்த்த கட்சியே அவரை வெளியே தள்ளியது. அவர் பிறந்த கதையில் தொடங்கி, இரண்டாம் உலகப் போர் வரும்வரை எழுதி முடிப்பது பூமிநாதனின் திட்டம்.

மானாவாரிக் காட்டு வாத்தியாருக்கு லண்டன் மந்திரிசபை மேல் அப்படி என்ன காதல் என்று முதல் நாளே காளிராஜ் கேட்டிருந்தார். முனீஸ்வரி அதற்குப் பதில் சொல்லாமல் ஊர்க்கதையைச் சொன்னாள்.

நெடுங்கரைப்பட்டியில் கீழத்தெருவும் மேலத்தெருவும் முகம் பார்த்துப் பேசிப் பதினோரு வருஷம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்துபோயிருந்தது. அதை யார் நிலத்தை ஒட்டித் தோண்டுவது என்பதில் சண்டை. மழை பெய்த வருஷத்திலும் கண்மாய் காய்ந்தது. போன ஆடியில் கீழத்தெருக்காரரான பூமிநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு மேலத்தெருவுக்கு நடந்துபோனார். இரண்டு தெருவுக்கும் பொதுவாக ஒரு கமிட்டி அமைத்தார். பத்தே நாளில் வரத்துக்கால் தோண்டியாயிற்று. பதினோராம் நாள் கீழத்தெரு கூடி, எதிராளியோடு சேர்ந்தவன் என்று அவர் வீட்டைத் தலைக்கட்டிலிருந்து நீக்கியது. ஒரு குடும்பம் என்றால் ஒரு தலைக்கட்டு. கோயில் பொங்கலுக்கு அந்த வீட்டு வரியை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டால், அப்படி ஒரு வீடு ஊரில் இல்லை என்று பொருள். தீர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டவர் தெருத் தலைவர் தங்கபாண்டி. பூமிநாதனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

அதைக் கேட்டபின் காளிராஜ் லண்டனைப் பற்றிக் கேலி பேசுவதை நிறுத்திக்கொண்டார். தபால் முத்திரைகளை நம்பி காரியாபட்டிக்கும் திருச்சுழிக்கும் இரண்டு நாள் அலைந்தார். ஆறு டீ குடித்ததைத் தவிர வேறு பலன் இல்லை.

"முத்திரையை விடுங்கண்ணே" என்றாள் சுகப்பிரியா இப்போது. "அக்கா, இந்தத் தாளெல்லாம் எந்த வரிசையில வந்துச்சோ அதே வரிசையில வைங்க."

முனீஸ்வரி வைத்தாள். முதலில் வந்தது 1937. பதவி போய், உடம்பு தேற வேண்டுமென்று தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அந்தப் பழைய பிரதமர் நடுக்கடலில் இறந்துபோனது. அடுத்தது 1935. சுரங்கத் தொழிலாளிகள் நிறைந்த அவருடைய சொந்தத் தொகுதியே அவரைத் தோற்கடித்தது. மூன்றாவது, 1931 செப்டம்பர், பவுன் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை லண்டன் நிறுத்திய மாதம். நாலாவது, அதே வருஷம் ஆகஸ்ட், கூட்டணி அரசு அமைந்த மாதம்.

செப்டம்பர் பக்கத்தைச் சுகப்பிரியா முன்பே இரண்டு தடவை படித்திருந்தாள். அதில் ஒரு வரியைக் காளிராஜும் மனப்பாடம் செய்துவிட்டிருந்தார். 'லண்டனில் பவுன் நோட்டு தங்கத்தை விட்டு இறங்கியது. விலை விழுந்து கிடந்த நம் கரிசல் காட்டில், பெண்களின் காதிலிருந்தும் கழுத்திலிருந்தும் தங்கம் இறங்கிக் கப்பலேறியது.' இப்படி எழுதத் தெரிந்த மனுஷன் ஒருவர், மனைவிக்கு ஏன் நாலு வார்த்தை எழுதவில்லை என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"புஸ்தகம் எழுதுற ஆளு எதுக்குக் கடைசியில இருந்து முன்னால வாராரு?" என்று சுகப்பிரியா கேட்டாள்.

"துப்பறியும் நாவலைக் கடைசிப் பக்கத்துல இருந்து படிக்கிறவுக இருக்காக மேடம். எழுதுறவுகளும் இருப்பாக."

அவள் ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். தாளின் நடுவில் ஓர் அரிசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. நாலு கட்டுத் தாளிலும், கிட்டத்தட்ட ஒரே இடத்தில் அதே ஓட்டை. ஃபைலில் கோத்திருந்தால் ஓட்டை ஓரத்தில் இருந்திருக்கும். இதுவோ எழுத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. தன் கையால் எழுதியவர் தன் எழுத்தைக் குத்த மாட்டார். தாளை வெறும் சீட்டாகப் பார்த்துப் பழகிய ஆள்தான் குத்துவார்.

"எங்கப்பா கடையில கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல ஒரு கம்பி நிக்கும்" என்றாள். "அடியில மரக்கட்டை, மேல கூரா இருக்கும். வேலை முடிஞ்ச சீட்டையெல்லாம் அதுல குத்திப்போடுவாரு. முதல்ல குத்துனது அடியில கெடக்கும். எடுக்கிறப்ப, கடைசியாக் குத்துனதுதான் முதல்ல கைக்கு வரும்."

ஓட்டையின் விளிம்பில் செங்காவிப் பொடி லேசாக ஒட்டியிருந்தது. காளிராஜின் மூக்கு ஏற்கெனவே அதற்குச் சாட்சி சொல்லிவிட்டது. மிளகாய் வத்தல் கமிஷன் கடை.

முனீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று காளிராஜ் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டார்.

"அப்ப அவுக ஏதாச்சும் கடையில கணக்கெழுதிட்டு இருக்காகளா?"

பூமிநாதனுக்குத் தெரிந்த வத்தல் கடைக்காரர் யாராவது உண்டா என்று மட்டும் சுகப்பிரியா கேட்டாள். முனீஸ்வரி நகத்தைப் பார்த்தாள். ஒருவர்தான் இருக்கிறார், ஆனால் அவராக இருக்க முடியாது என்றாள். அது தங்கபாண்டி. கடை இதே ஊரில்தான், மார்க்கெட் பக்கம்.

பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். சாயங்காலம் நாலு மணிக்குக் கீழத்தெருக் கூட்டம். தன் வீட்டை மறுபடி தலைக்கட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஊரார் காலில் விழப்போகிறாள். தேங்காய், வெற்றிலை எல்லாம் வாங்கியாயிற்று.

"தலைக்கட்டு இல்லாத ஊருக்குள்ள எப்படிக் கால வப்பேன்னுதேன் போனாக. இன்னைக்கு ஊரு மனசு எறங்கிருச்சுன்னா எங்க இருந்தாலும் வந்துருவாக. நான் விழுகுறதுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்றாள்.

படியில் அவள் செருப்புச் சத்தம் ஓய்ந்தது.

"இது எல்லாம் பழைய தாளு" என்றார் காளிராஜ் மெல்ல. "அவரு இப்ப எழுதி அனுப்பல. அப்படித்தான மேடம்?"

சுகப்பிரியா வண்டிச் சாவியை எடுத்தாள்.

*

வத்தல் கடைக்குள் நுழைந்ததுமே காளிராஜுக்குக் கண் எரிந்தது. கூரைவரை அடுக்கிய சாக்குகளுக்கு நடுவில் தங்கபாண்டி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, ஆகிருதியான ஆள். தலையில் துண்டு கட்டியிருந்தார். தெருத் தலைவர் என்றதும் காளிராஜ் ஒரு மீசையை எதிர்பார்த்து வந்திருந்தார். அந்த மீசை சுவரில் மட்டும்தான் இருந்தது. கடை திறப்பு விழாப் படத்தில் இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டு நின்றது. நாற்காலியில் இருந்தவர் முகத்தில் மேலுதடு வெளுத்து, புதிதாக முளைத்த முடி எறும்பு வரிசைபோல ஓடியது.

"படத்துல இருக்கிறவரு வெளிய போயிருக்காருங்களா?" என்று காளிராஜ் கேட்டார்.

தங்கபாண்டி சிரிக்கவில்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்தி, மொட்டை போட்டேன் என்றார். அவர் கை மேசைமேல் எதையோ தேடி, ஒரு பேனாவைக் கண்டுபிடித்து, மூடியைத் திறந்து மூடியது.

சுகப்பிரியா தாங்கள் யார், யாருக்காக வந்திருக்கிறோம் என்று சொன்னாள். முனீஸ்வரி என்ற பெயரைக் கேட்டதும் பேனா மூடி நின்றது. அவரிடமிருந்து வந்தது ஒரே பதில்தான். பூமிநாதனைப் பார்த்து மாசக்கணக்காகிறது, அவன் என்னோடு பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் சீட்டுக் கம்பி நின்றது. அதில் வெறும் எடைச் சீட்டுகள். காளிராஜ் இருமலோடு இருமலாகச் சுற்றிலும் பார்த்தார். சாமி படத்துக்குக் கீழே ஒரு பலகையில், தூசி படிந்து இன்னொரு கம்பி இருந்தது. அதில் ஒரே ஒரு கட்டுத் தாள். முழு நீளத் தாள், நீல மையில் சரிந்த எழுத்து. அவர் சுகப்பிரியாவைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண் எரிச்சல் தாங்காமல் முகம் கழுவ இடம் கேட்டார் காளிராஜ். பின்கட்டில் குழாய் இருப்பதாகக் கடையாள் கைகாட்டினான். தங்கபாண்டி வேண்டாமென்று சொல்ல வாயெடுத்ததுபோல் இருந்தது. ஆனால் சொல்லவில்லை.

பின்கட்டில் ஒரு வேப்பமரம். தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கைக்கு எட்டாத கிளையில் ஒரு சின்னக் கலயம் தொங்குவதைக் கண்டார். வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தது. காய்ந்த பூச்சரம் ஒன்று அதைச் சுற்றிக் கிடந்தது. சாவு விழுந்த எத்தனையோ வீடுகளுக்கு அவர் படிவத்தோடு போயிருக்கிறார். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாததை மக்கள் எங்கே கட்டி வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். குழாயை மூட மறந்து அப்படியே நின்றார்.

உள்ளே வந்தபோது சுகப்பிரியா பேசிக்கொண்டிருந்தாள். நேர்த்திக்கு மொட்டை போடுகிறவர்கள் பலர் மீசையைத் தொட விடுவதில்லை, சிலர் அதையும் கொடுக்கிறார்கள். அது அவரவர் பிரியம். ஆனால் ஒரு காரியத்துக்கு மட்டும் அது பிரியத்தைப் பொறுத்தது இல்லை, தலையோடு மீசையையும் எடுத்தே ஆகவேண்டும். முளைத்திருக்கிற அளவைப் பார்த்தால் மூன்று வாரம் இருக்கும்.

"மேடம்" என்றார் காளிராஜ். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. "பின்னால மரத்துல அஸ்திக் கலயம் தொங்குது."

சுகப்பிரியா தங்கபாண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"யாருக்குக் கொள்ளி வச்சீங்க?"

அவர் கடையாளை வெளியே போகச் சொல்லிக் கைகாட்டினார். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார்.

"அவனுக்குத்தேன்" என்றார்.

வரும்போது வண்டியில் காளிராஜ் ஒரு கொலைகாரனைக் கற்பனை செய்துகொண்டு வந்திருந்தார். நீரில் தள்ளியவன், வண்டி ஏற்றியவன், புதைத்துவிட்டுத் தாள் அனுப்புகிறவன். இப்போது எதிரே உட்கார்ந்திருந்த மனிதரிடம் அந்தக் கற்பனை எதுவும் ஒட்டவில்லை.

தங்கபாண்டி சொன்னது இதுதான். வீட்டைவிட்டுப் போன அன்றைக்கே மதுரை பஸ் ஸ்டாண்டில் பூமிநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சட்டைப் பையில் இருந்தது இந்தக் கடையின் பழைய விலாச அட்டை ஒன்றுதான். அதைப் பார்த்துப் போன் வந்தது. தங்கபாண்டி போய்ச் சேர்ந்தபோது உயிர் இருந்தது. பேச்சும் இருந்தது.

அவர் பலகைமேல் இருந்த கம்பியைக் கைகாட்டினார். வெளியே சாக்கு இறக்குகிறவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"புஸ்தகம் எழுத ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒவ்வொரு அத்தியாயமா ஜெராக்ஸ்கூட எடுக்காம எங்கிட்டத்தேன் கொண்டாந்து குடுப்பான். 'நீ படிச்சிட்டுச் சொல்லுலே, உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்'பான். நான் வாங்கி அந்தக் கம்பியில குத்திருவேன். அடுத்த வாரம் வந்து படிச்சியாம்பான். படிச்சேம்பேன். ஒரு வரி படிச்சதில்ல."

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பூமிநாதன் அதைத்தான் கேட்டாராம். படிச்சியாலே. படிச்சேன் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"'அப்பச் சொல்லு, அந்த ஆளு கடைசியில எங்க செத்தாரு'ன்னான். நான் முழிச்சேன். சிரிச்சான். கையை மட்டும் விடல. ஒரு மணி நேரம் கழிச்சு நான்தேன் விடுவிச்சேன்."

மறுநாள் கடைக்குத் திரும்பி வந்து, மேலே இருந்த தாளை எடுத்துப் படித்தாராம். நடுக்கடலில், கப்பலில்.

காளிராஜ் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். சுகப்பிரியா மட்டும், ஏன் உடம்பை ஊருக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்டாள். கேட்கவேண்டிய கேள்வி, கேட்காமல் இருக்க முடியாத கேள்வி.

அதற்கு அவர் சொன்ன பதிலைக் காளிராஜ் முதலில் நம்பவில்லை. தலைக்கட்டு இல்லாத வீட்டில் சாவு விழுந்தால் கீழத்தெருவில் ஒருவரும் போகக்கூடாது. பாடை கட்டக்கூடாது, தூக்கக்கூடாது. மந்தைக் கோயில் மைக்கில் கேதம், அதாவது சாவுச் செய்தி, சொல்லக்கூடாது. எவன் சொன்னாலும் அவன் தலைக்கட்டும் அன்றோடு போய்விடும். இத்தனையையும் பூமிநாதனுக்காகவே ஆடி மாதத்தில் எழுதியவர் தங்கபாண்டி. அன்றைக்குக் கோபத்தில் எழுதியது. யாரும் சாகப்போகிறார்கள் என்று நினைத்து எழுதவில்லை.

"ஆம்புலன்ஸ்ல வச்சு ஊருக்குக் கொண்டுபோய் எறக்குறேன்னு வைங்க. ஒரு பய வரமாட்டான். அனாதைப் பொணமாட்டம் கெடப்பான், நான் எழுதுனதால. அதை முனீஸ்வரி பாக்கணுமா? அண்ணன்னு கையெழுத்துப் போட்டு வாங்கி மதுரையிலயே எரிச்சுட்டேன்."

தடையை நீக்கிவிட்டு, அதன்பிறகு கலயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். தெருக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் போன் போட்டுப் பேசினார். அவன்தான் அந்தப் பக்கம் போனான், அங்கேயே இருக்கட்டும் என்று இவர் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர்கள் இவருக்கே திருப்பிச் சொன்னார்கள். நாள் ஓடியது. வாயால் சொல்லத் தைரியம் வராமல், அந்த 1937-ஆம் வருஷத் தாளை மட்டும் கவரில் போட்டு அனுப்பினார். ஆள் போய்விட்டார் என்பது அதைப் படித்தாலே அவளுக்குப் புரிந்துவிடும் என்று எண்ணினார்.

"மறுநாள் போன் பண்ணா. ஊரே ஒதுக்கி வச்சிருக்கு, தலைவன் நான்தேன் ஒதுக்குனேன். அந்தச் சந்தோசத்தைச் சொல்ல அவளுக்கு வேற ஆளில்ல. 'அண்ணே, கடுதாசி வந்துருச்சு, அவுக எழுதிருக்காக, இருக்காக'ன்னு அழுகுறா. நான் என்னத்தச் சொல்ல? நாலஞ்சு நாள் கழிச்சு அடுத்த தாளை எடுத்து, சரக்குக்குப் போற ஊர்ல தபால்ல போட்டேன். எந்த வருசம், என்ன வரிசைன்னு ஒண்ணும் பாக்கல. மேல இருந்தத எடுத்தேன். ஒவ்வொண்ணையும் போடுறதுக்கு முன்னாடி படிச்சேன். இப்பத்தேன் படிச்சேன்."

பலகைமேல் இருந்த கம்பியில் கடைசிக் கட்டு காத்திருந்தது. முதல் அத்தியாயம். வட ஸ்காட்லாந்தில் ஒரு மீனவர் ஊரில் பிறந்து, பின்னாளில் பிரதமரான குழந்தையைப் பற்றியது. அதுவும் போய்விட்டால் கம்பியில் ஒன்றும் இல்லை.

சுகப்பிரியா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே முக்கால்.

"நாலு மணிக்கு அவங்க உங்க கால்ல விழப்போறாங்க. புருஷன் திரும்பி வரணும்னு. நீங்க தலைவர் நாற்காலியில உக்காந்து பாக்கப்போறீங்களா?"

அவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

*

அவருடைய காரில் போனார்கள். பின்சீட்டில் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு தங்கபாண்டி உட்கார்ந்தார். காளிராஜ் ஓட்டினார். நாளைக்கு ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு போலீசுக்குப் போக வேண்டியிருக்கும் என்று சுகப்பிரியா சொன்னாள். அவர் தலையாட்டினார். எம்.ரெட்டியபட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் பருத்தி. பிறகு கருவேலம். பிறகு நெடுங்கரைப்பட்டிக் கண்மாய். போன வாரத்து மழைக்குப் புதுக் கால் வழியாகத் தண்ணீர் வந்து முழங்கால் ஆழத்துக்கு நின்றது. நாரைகள் இறங்கியிருந்தன. இரண்டு தெரு மாடுகளும் ஒன்றாக நின்று குடித்தன.

"பதினோரு வருசம்" என்றார் பின்சீட்டிலிருந்து தங்கபாண்டி. காளிராஜ் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

இரண்டு தெருவும் சேருகிற இடத்தில் மந்தை, ஊர்ப் பொதுவெளி. கோயில் முன்னால் பாயும் நாற்காலிகளும் போட்டு, கீழத்தெரு ஆண்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடு நாற்காலி காலியாக இருந்தது. முனீஸ்வரி குளித்து, ஈரம் காயாத தலையோடு, தாம்பாளத்தைக் கையில் ஏந்தி ஒரு ஓரமாக நின்றாள். நெற்றியில் பொட்டு பெரிதாக இருந்தது.

காரிலிருந்து இறங்கியவரின் தலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். தாம்பாளத்தில் தேங்காய் உருண்டது.

தங்கபாண்டி எல்லார் முன்னாலும் சொன்னார். நீட்டவில்லை, நியாயம் பேசவில்லை. எந்த நாள், எந்த ஆஸ்பத்திரி, யார் கொள்ளி வைத்தது. தாள்களை அனுப்பியது யார். இருபது பேரில் ஒருவரும் அசையவில்லை.

முனீஸ்வரி அழவில்லை. தாம்பாளத்தைக் குனிந்து தரையில் வைத்தாள். அது கோணலாக உட்கார்ந்ததைச் சரிசெய்தாள்.

"தூக்குனது யாரு?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரி ஆட்கள் மூன்று பேர் என்றார் அவர். நாலாவது ஆள், தான்.

"மூஞ்சிய நான் பாக்கலையேண்ணே" என்றாள். "ஊரு வராட்டிப் போகுது. நான் ஒருத்தி இருந்தேன்ல. என்னய எதுக்குண்ணே ஊரோட சேத்தீக?"

முனீஸ்வரி தங்கபாண்டி கையிலிருந்து கலயத்தை வாங்கினாள். பிடுங்கவில்லை, தூங்கும் பிள்ளையை இன்னொருத்தியிடமிருந்து வாங்குவதுபோல, அடியில் ஒரு கை கொடுத்து வாங்கினாள். அதன் எடை அவள் நினைத்ததைவிடக் குறைவாக இருந்திருக்க வேண்டும். கை ஒரு கணம் மேலே போய்ப் பிறகு நின்றது.

"கேதம் சொல்லுங்க" என்றாள்.

நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர், கூட்டத்தில் முடிவாகாமல் அதெல்லாம் கூடாது என்றார். தலைவரே எழுதியதுதானே என்று இன்னொருவர் நினைவுபடுத்தினார். தங்கபாண்டி அவர்களைத் தாண்டிக் கோயில் வாசலுக்குப் போனார். மைக்கை எடுத்தார். குழாய் ஒலிபெருக்கி ஒரு தடவை கீச்சிட்டது.

"கீழத்தெரு பூமிநாதன் வாத்தியாரு..." என்று தொடங்கினார். மைக்கை இன்னும் வாய்க்கருகே இழுத்தார். மறுபடி தொடங்கினார். "கீழத்தெரு பூமிநாதன் வாத்தியாரு காலமாயிட்டாரு. சொல்றது தங்கபாண்டி. ஊர்ப் பொதுமக்கள்..."

சத்தம் சட்டென்று நின்றது. மைக் செட் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

காளிராஜ் போய் அந்தக் கையிலிருந்து ஒயரை எடுத்தார். அந்த ஆள் எதிர்க்கவில்லை. ஒயரைத் திரும்பச் செருகிவிட்டு, பெட்டியை மறைத்து அதன் முன்னால் நின்றுகொண்டார். மேலத்தெரு முனையில் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். ஒரு பெண் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தாள். கீழத்தெருவில் வரிசையாகக் கதவுகள். எல்லாக் கதவுக்குப் பின்னாலும் ஆள் இருப்பது தெரிந்தது.

முனீஸ்வரி கலயத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு கீழத்தெருவையே பார்த்தாள்.

"அவுகளுக்குச் சரியாக் கேட்டிருக்காது" என்றாள். "இன்னொருக்காச் சொல்லுங்கண்ணே."

தங்கபாண்டி இன்னொரு தடவை சொன்னார்.